பில் இல்லாத துபாய் தங்கம்: 12% குறைத்துத் தந்தால் வாங்கலாமா?

கேள்வி (2024-இல் வந்தது): 2025 தையில் மகளுக்குக் கல்யாணம். 20 பவுன் எடுக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர், ‘துபாயிலிருந்து வரும் தங்கம் இருக்கிறது, பில் கிடையாது, ஜிஎஸ்டி சேர்த்த கடை விலையில் 12 சதவீதம் குறைத்துத் தருகிறேன்’ என்கிறார். ‘அரசாங்கத்துக்குத்தான் வரி போகாது, உங்களுக்கு என்ன நஷ்டம்?’ என்றும் கேட்கிறார். வாங்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அவர் சொல்லும் 12 சதவீதமே கணக்கில் இடிக்கிறது.

கடத்தல் தங்கம் மலிவாக இருப்பதற்கு ஒரே காரணம், கட்டாமல் விட்ட வரி. 2012 தொடக்கத்தில் 2 சதவீதமாக இருந்த இறக்குமதித் தீர்வை, 2013 ஆகஸ்டில் 10 ஆனது. 2022 ஜூலையில் 15. தீர்வை ஏற ஏற, விமானத்தில் உடம்பில் மறைத்துக் கொண்டுவரும் ‘குருவி’களும் பெருகினார்கள். திருச்சி, சென்னை விமான நிலையங்களில் பிடிபட்ட செய்தி வராத வாரமே இல்லை என்றாகிவிட்டது. அதனால்தான் 2024 ஜூலை பட்ஜெட்டில் தீர்வையை 6 சதவீதமாக இறக்கினார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். துபாயில் 100 ரூபாய்க்கு வாங்கிய தங்கம், 6 சதவீதத் தீர்வையும் 3 சதவீத ஜிஎஸ்டியும் கட்டினால் இங்கே 109 ரூபாய் 18 காசு. அதில் 12 சதவீதம் கழித்தால் 96 ரூபாய்! குருவிக்குக் கூலி, டிக்கெட், தரகர் கமிஷன் எல்லாம் கொடுத்துவிட்டு, வாங்கிய விலைக்கும் கீழே ஒருவர் எப்படி விற்பார்? தீர்வை 15 ஆக இருந்தபோது இந்தத் தள்ளுபடி சாத்தியம். 6 சதவீதமாக இறங்கிய பிறகும் இப்படித் தருகிறார் என்றால், தங்கத்தின் தரத்தில் கை வைத்திருக்கிறார் அல்லது அது திருட்டு நகை என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.

சரி, சுத்தத் தங்கமே என்று வைத்துக்கொள்வோம். சுங்கச் சட்டம் 1962-இன் 123-வது பிரிவுப்படி, கடத்தல் தங்கம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்து அதிகாரிகள் கைப்பற்றினால், ‘இது கடத்தல் இல்லை’ என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். பில் இல்லாமல் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? உருக்கி நகையாக்கிவிட்டாலும் தப்பாது. உருவம் மாறினாலும் பறிமுதல் செய்ய 120-வது பிரிவு இடம் தருகிறது. தெரிந்தே வாங்கியவருக்கு அபராதமும் உண்டு. ‘கல்யாணமான பெண்ணிடம் 500 கிராம் வரை தொடமாட்டார்கள்’ என்று யாராவது சொல்வார்கள். அது வருமான வரிச் சோதனைக்கான வழிகாட்டுதல். சுங்கத்துறைக்கு அது பொருந்தாது. 20 பவுன் என்றால் 2024 கடைசி விலையில் பதினொரு லட்சத்துக்கு மேல். ஒன்றரை லட்சம்கூட மிச்சமாகாத ஒன்றுக்காக மொத்தத்தையும் பணயம் வைக்க வேண்டுமா?

‘அரசாங்கத்துக்குத்தான் நஷ்டம்’ என்பதும் பாதி உண்மைதான். இந்தத் தங்கத்துக்கு அங்கே பணம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளின் சம்பளத்தை, வங்கி வழியாக இல்லாமல் பணம் கைமாற்றும் ஹவாலா ஆள் அங்கேயே திர்ஹாமாக வாங்கிக்கொள்கிறார். அதில் தங்கம் வாங்கி, குருவி மூலம் இங்கே கொண்டுவந்து, பில் இல்லாமல் விற்று, அந்த ரூபாய் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. வங்கி வழியாக வந்திருக்க வேண்டிய அந்நியச் செலாவணி நாட்டுக்குள் வருவதே இல்லை. நமக்கு வேண்டிய தங்கத்தில் பெரும்பகுதி இறக்குமதிதான். அதற்கு டாலர் கொடுத்தாக வேண்டும். அந்த டாலர் வரும் வழியையே கடத்தல் அடைக்கிறது. வரி கட்டி நேர்மையாகக் கடை நடத்துபவர், பக்கத்துத் தெருவில் பில் போடாதவரின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறார். பிடிபடுவது யார் தெரியுமா? டிக்கெட்டுக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கும் ஆசைப்பட்டுப் போன பையன். அவனுடைய பாஸ்போர்ட்டும் வாழ்க்கையும் சிக்கிக்கொள்கிறது. முதல் போட்டவர் அந்த விமானத்தில் ஏறுவதே இல்லை. எனக்கு இதில் மிகவும் வலிப்பது இதுதான்.

உங்களுக்கு மிச்சம் பிடிக்க நேர்வழி இருக்கிறது. விலைப் பலகையைவிட செய்கூலி, சேதாரத்தில்தான் கடைக்குக் கடை வித்தியாசம். 15 சதவீதம் கேட்கும் வேலைப்பாட்டை விட்டு 8 சதவீதத்தில் முடியும் எளிய டிசைன்களை எடுத்தால், அதே 2024 விலையில் 20 பவுனில் கிட்டத்தட்ட 80,000 ரூபாய் மிஞ்சும். மூன்று கடைகளில் கேட்டுப் பேரம் பேசுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். வீட்டில் போடாமல் கிடக்கும் பழைய நகை இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். அப்புறம், ஒவ்வொரு நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி எண், அதாவது அந்த நகைக்கே உரிய தனி அடையாள எண், இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் இது கட்டாயம். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரிலோ மகள் பெயரிலோ பில் வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள்.