பாறைத் தகைவை அளக்கும் பணி: மகளின் விருப்பம் குறித்து ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

நிலவியலில் இளநிலைப் படிப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள், ஆழ்துளைக்குள் நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறைத் தகைவை, அதாவது நிலத்தடிப் பாறைக்குள் எல்லாப் பக்கமிருந்தும் இயங்கும் நெருக்கத்தை, அளக்கும் துறையில் மேற்படிப்புக்குச் செல்ல விரும்புவதாகவும், எரிவாயு எடுப்பதற்காகப் பாறையை உடைக்கும் வேலையும் இதுவும் ஒன்றுதானோ என்ற அச்சம் உங்களுக்கு இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் அடிப்படை இயற்பியல் ஒன்றே என்றாலும் நோக்கமும் அளவும் வெகுவாக வேறுபடுகின்றன. எரிவாயுக் கிணறுகளில் ஆயிரக்கணக்கான கனமீட்டர் நீர் மணலுடன் கலந்து செலுத்தப்படுகிறது. தகைவு அளவீட்டிலோ துளையின் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் பகுதியை மட்டும் அடைத்துக்கொண்டு, பெரும்பாலும் சில லிட்டர் முதல் சில பத்து லிட்டர் நீருக்குள் சோதனையை முடித்துவிடுகிறார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்பதை நீங்களும் அறிந்துகொள்வது நல்லது. விரிசல் இல்லாத பாறைப் பகுதி ஒன்றைத் துளையிலிருந்து எடுத்த பாறைத்தண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே மேலும் கீழுமாக துளையை அடைக்கும் ரப்பர் உறைகளான பேக்கர்கள் இரண்டை உப்பச் செய்து, இடைப்பட்ட பகுதிக்குள் நீரை ஏற்றுவார்கள். அழுத்தம் நேர்க்கோடாக உயர்ந்துகொண்டே போய், பாறை முறியும் கணத்தில் சட்டென்று சரியும். பம்பை நிறுத்தி வால்வை மூடியதும் அது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். இந்த இரண்டுக்கும் இடையே வரைகோடு வளையும் இடம்தான் மூடல் அழுத்தம். பாறையை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் நெருக்கும் முதன்மைத் தகைவுகளில் மிகக் குறைந்ததன் அளவாக அதுவே கொள்ளப்படுகிறது. ஒரே பகுதியில் பல சுற்றுகள் ஏற்றி இறக்கிய பின், மென்மையான ரப்பர் உறை போர்த்திய அச்சுப்பதிவு பேக்கரைத் திசைகாட்டும் கருவியுடன் உள்ளே இறக்கி, விரிசலின் தடத்தை அதில் பதித்து எடுப்பார்கள். செங்குத்துத் துளையில் எதிரெதிர்ப் பக்கங்களில் மெல்லிய கோடுகளாகத் தெரியும் அந்தத் தடங்கள், மிக அதிகமான கிடைமட்டத் தகைவு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

விரிசல் எப்போதும் மிகக் குறைந்த தகைவுக்குச் செங்குத்தாகவே திறக்கும் என்பதை 1957இல் ஹப்பர்ட், வில்லிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அளவீட்டு முறையாக அதை வளர்த்ததில் ஃபேர்ஹர்ஸ்டுக்கும் ஹெய்ம்சனுக்கும் பெரும் பங்குண்டு. இந்த வரலாற்றைவிட உங்கள் மகளின் தேர்வுக்கு முக்கியமானது, முறையின் வரம்பு. மிகக் குறைந்த தகைவும் திசையும் நம்பகமாகக் கிடைக்கின்றன. மிக அதிகமான தகைவையோ, துளைச்சுவர் குறித்த கிர்ஷ் சமன்பாடுகளின் வழியே மறுதிறப்பு அழுத்தத்திலிருந்து (மூடிய விரிசல் அடுத்த சுற்றில் மீண்டும் திறக்கும் அழுத்தம்) கணக்கிட்டுத்தான் பெற வேண்டும். விரிசல் முழுவதும் மூடாமல் இருந்தாலோ, பம்பும் குழாய்களும் அழுத்தத்தில் நெகிழ்ந்து நீரை அதிகமாகத் தேக்கினாலோ, அந்தக் கணக்கு பிசகிவிடும். ஒரே வரைபடத்தில் வளைவுப் புள்ளியை இரண்டு நிபுணர்கள் சற்று வெவ்வேறு இடங்களில் குறிப்பதும் உண்டு. ஆகவே, தனக்குத் தெரிந்ததை மட்டும் உறுதியாகச் சொல்லி, மீதியைப் பிழை எல்லையுடன் எழுதும் நேர்மை இந்தத் தொழிலின் முதல் தகுதி என்று நான் கருதுகிறேன். பதிவேடு ஒழுங்கில்லாமல் வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தாது.

இப்படி அளந்த தகைவை நம்பித்தான் பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. நீர்மின் திட்டத்தின் அழுத்தச் சுரங்கத்துக்கு எஃகு உறை போடாமல் விட வேண்டுமானால், உள்ளே நிற்கும் நீரின் அழுத்தம் பாறையின் மிகக் குறைந்த தகைவைவிடப் போதிய அளவு குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரே பாறையைப் பிளந்துகொண்டு வெளியேறும். நிலத்தடி மின்நிலையக் குகையை எந்தத் திசையில் குடைவது, ஆழ்சுரங்கத் தூண்களை எவ்வளவு அகலமாக விடுவது, கதிரியக்கக் கழிவுகளை எங்கே புதைப்பது, கரியமில வாயுவை எந்த அழுத்தத்துக்குள் நிலத்தடியில் செலுத்துவது என எல்லாவற்றுக்கும் தகைவுத் தரவு தேவை. புவிவெப்ப ஆற்றலுக்காக நீரைச் செலுத்தியபோது 2006இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் 3.4 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டுத் திட்டமே கைவிடப்பட்டதிலிருந்து, அத்துறையிலும் இதற்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒளிவின்றிச் சொல்கிறேன். தகைவு அளவீட்டை மட்டுமே செய்து வாழ்பவர்கள் எங்குமே சிலர்தான். முதல் பணி பெரும்பாலும் சுரங்கப்பாதை நிலவியலாளராகவோ நிலத்தொழில்நுட்பப் பொறியாளராகவோ அமையும். அளவீட்டுக் குழுவில் இடம் கிடைப்பது அதன் பிறகே. ஆதலால் பெயரிலேயே குறுகிவிட்ட படிப்பைத் தவிர்த்து, பொறியியல் நிலவியல், பாறை இயக்கவியல், புவி இயற்பியல் ஆகியவற்றில் ஒன்றில் முதுநிலை படிக்கட்டும். இளநிலை நிலவியலில் குறைவாகவே கற்பிக்கப்படும் திண்மப்பொருள் இயக்கவியலையும் புள்ளியியலையும் அவர் முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும். இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள். நிரலாக்கம் ஓரளவு தெரிந்தால் போதும்.

களப்பணி ஊரிலிருந்து தொலைவில்தான் இருக்கும். உயர் அழுத்தக் குழாய் பிய்த்துக்கொண்டால் ஆபத்து என்பதால், சோதனை நடக்கும்போது குழாய்வழியின் அருகே யாரும் நிற்கக் கூடாது என்பது போன்ற விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் நிறுவனத்தையே அவர் நாட வேண்டும். தங்குமிடம், பணிமுறை நேரம், மருத்துவ ஏற்பாடு ஆகியவற்றை நேர்காணலிலேயே கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன், தன் துறை ஆசிரியர் வழியாக ஏதேனும் ஒரு சோதனையின் மூல அழுத்தப் பதிவைப் பெற்று, மூடல் அழுத்தத்தை இரண்டு வெவ்வேறு முறைகளில் கணித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விடைகளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடத் தொடங்கினால் பாறை இயக்கவியலுக்கே விண்ணப்பிக்கட்டும். அந்தத் தேடல் சலிப்பூட்டினால் பொறியியல் நிலவியலைத் தேர்ந்தெடுப்பது அவருக்கு நல்லது.