'அர்த்' படத்தில் ராஜ் நல்லவன்தானே, பூஜா ஏன் அவனையும் வேண்டாமென்கிறாள்?

புருஷனை வேண்டாமென்று சொன்னது எல்லோருக்கும் புரிகிறது. அவளைக் காதலிக்கும் ராஜை மறுத்ததுதான் பலருக்கு உறுத்துகிறது. குடிகாரனில்லை, ஏமாற்றுக்காரனில்லை, அவள் தனியாக நின்றபோது வேலை தேடிக்கொள்ள உதவியவன். இதற்கு விடையைக் கடைசிக் காட்சியில் மட்டும் தேடினால் கிடைக்காது. வீடு யாருடையது, பணம் யாருடையது என்று முதலிலிருந்தே கணக்கு வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். (கதை முழுவதையும் சொல்லப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

தலைப்பே இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. 'அர்த்' என்றால் அர்த்தம், செல்வம் என்று இரண்டும் உண்டு. தமிழில் இதற்கு விளக்கமே வேண்டாம், 'பொருள்' என்ற ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடும்.

1982இல் மகேஷ் பட் இயக்கிய இந்திப் படம். பூஜாவாக ஷபானா ஆஸ்மி, கணவன் இந்தராக குல்பூஷண் கர்பந்தா. பூஜா அனாதையாக வளர்ந்தவள், சொந்த வீடு என்பது அவளுடைய வாழ்நாள் கனவு. குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றதும் பதறிப் போகிறாள். அந்த நேரத்தில் இந்தர் ஒரு புது வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறான். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். இந்தர் நடிகை கவிதாவைக் காதலிக்கிறான், வீட்டுக்கான பணமும் அவள் மூலமாக வந்ததுதான் என்று பின்னால் தெரிகிறது. ஆசைப்பட்டுக் குடியேறிய வீட்டின் அஸ்திவாரமே இன்னொருத்தியுடையது.

இந்தர் பிரிந்து போனதும் அவள் அந்த வீட்டிலேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பெண்கள் விடுதிக்குப் போகிறாள். எடுத்துக்கொண்டு போவது 2000 ரூபாய். கல்யாணம் ஆனபோது அவளிடம் இருந்த அதே பணம். இத்தனை நாள் குடித்தனத்தில் அவள் கணக்கில் ஒரு பைசா கூட ஏறவில்லை என்பதை வசனமே இல்லாமல் ஒரு தொகையால் சொல்லிவிடுகிறார்கள்.

இதன் பக்கத்தில் இன்னொரு தொகையை வைத்துப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணாக ரோகிணி ஹட்டங்காடி. அதே ஆண்டு வெளிவந்த 'காந்தி'யில் கஸ்தூரிபாவாக வந்தவர்தான். மகளை நல்ல பள்ளியில் சேர்க்க 1000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறாள். குடிகாரப் புருஷன் அதைத் திருடிக் குடித்து, இன்னொருத்தியோடு செலவழித்துவிடுகிறான். ஆத்திரத்தில் அவனைக் கொன்றுவிட்டு, தானே போலீஸ் நிலையத்துக்குப் போகிறாள். அங்கேயும் அவளுக்கு மகளின் எதிர்காலம்தான் கவலை. குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் பூஜா. இதை அழவைப்பதற்காகச் சேர்த்த கிளைக்கதை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. இதை வெட்டினால் முடிவு நிற்காது. எஜமானி, வேலைக்காரி இருவருக்கும் நடந்தது ஒன்றேதான் என்று படம் இங்கேதான் காட்டுகிறது. பூஜாவின் கையில் ஒரு குழந்தை வந்து சேர்வதும் இங்கேதான்.

கவிதாவை வில்லியாகப் பார்த்தாலும் கணக்கு தப்பும். ஸ்மிதா பாட்டீல் நடித்த கவிதாவுக்கு வேண்டிய ஆள் கிடைத்தும் நிம்மதி இல்லை. மனநோயும் பயமும் முற்றிக்கொண்டே போகின்றன. விவாகரத்துப் பத்திரம் வரை போயும் பயம் அடங்கவில்லை. ஒருத்தியை விட்டு வந்தவன் தன்னையும் விடமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவளே இந்தரை அனுப்பிவிடுகிறாள்.

திரும்பி வரும் இந்தரிடம் பூஜா கேட்பது ஒரே கேள்வி. இதையே நான் செய்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால் என்னை ஏற்றுக்கொண்டிருப்பாயா? மாட்டேன் என்று அவன் உண்மையைச் சொல்கிறான். அதோடு பேச்சு முடிந்தது. அவன் பொய் சொல்லியிருந்தால் காட்சி வெறும் சண்டையாகப் போயிருக்கும். தன் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை இது என்று பட் வெளிப்படையாகவே சொன்னவர். அப்படியிருந்தும் தன் சாயலில் உள்ள ஆணுக்கு மன்னிப்பு எழுதிக்கொள்ளாததற்காகவே அவரைப் பாராட்டலாம்.

இப்போது ராஜ் (நடிகர் ராஜ் கிரண்). கஸல் பாடகன். பாட்டு வந்தால் ஓட்டிவிடும் பழக்கம் இருந்தால் இந்தப் படத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். அவன் மனசை அவன் பேசுவதைவிட ஜக்ஜித் சிங்கின் குரலில்தான் அதிகம் கேட்கலாம். கைஃபி ஆஸ்மி எழுதிய 'தும் இத்னா ஜோ முஸ்குரா ரஹே ஹோ' பாட்டில், சிரிப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்த துக்கம் எது என்று விசாரிக்கிறான். அவளைச் சரியாகப் படித்தவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் அவனை அவள் மறுப்பது இரண்டு முறை என்பதைக் கவனியுங்கள். முதல் முறை, நான் காலியாக இருக்கிறேன், உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்கிறாள். கடைசியில் மறுக்கும்போது அவள் காலியாக இல்லை. வேலை இருக்கிறது, வளர்க்க ஒரு குழந்தை இருக்கிறது, தனியே நின்றுவிடலாம் என்ற தெம்பு இருக்கிறது. கல்யாணம் செய்துகொண்டால் அந்தத் தெம்பு போய்விடும் என்கிறாள். ராஜ் கொடுப்பதும் ஒரு சாவிதான். கொடுப்பவன் நல்லவன், அவ்வளவே வித்தியாசம். படத்தில் அவள் மாறியதை அளக்க வேண்டுமானால் இந்த இரண்டு மறுப்புகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தால் போதும்.

இந்த முடிவை மாற்றச் சொல்லி விநியோகஸ்தர்கள் வற்புறுத்தியதாக ஷபானா ஆஸ்மி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை, அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. குறை இல்லாமல் இல்லை. விருந்தில் பூஜா குடித்துவிட்டுக் கத்தும் காட்சி பெயர் பெற்றது என்றாலும் இன்று கொஞ்சம் சத்தம் அதிகமாகத் தெரிகிறது. கவிதாவின் நோயைக் காட்டிய விதமும் பழசாகிவிட்டது.

தமிழில் பார்க்க வேண்டுமென்றால் பாலு மகேந்திராவின் 'மறுபடியும்' (1993) இதே கதைதான். பூஜாவின் இடத்தில் ரேவதி, இந்தரின் இடத்தில் நிழல்கள் ரவி, கவிதாவின் இடத்தில் ரோகிணி. ராஜின் இடத்தில் அரவிந்த்சாமி, அதுவும் 'ரோஜா' வந்த சூட்டோடு. 'நலம் வாழ எந்நாளும்' என்று எஸ்.பி.பி. குரலில் வாழ்த்துகிறவரைப் போய் வேண்டாமென்று சொல்ல வேண்டும். அதனால் இரண்டையும் பார்ப்பதானால் 'அர்த்' முதலில், 'மறுபடியும்' பிறகு. வரிசை மாறினால் அரவிந்த்சாமி மேல் உள்ள பிரியத்தில் பூஜா மேலேயே கோபம் வரும்.