யீவூவுக்கு வரும் தம்பிக்கு: வயிறும் முயலும் வேறு வேறு

தம்பி, "அடுத்த மாதம் சீனாவுக்கு, யீவூ வருகிறேன், சரக்கு வாங்கி அனுப்பும் கம்பெனியில் வேலை. பேச்சுச் சீனம் எத்தனை நாளில் வரும், எந்த ஆப் நல்லது, அறை வாடகை எவ்வளவு, நம்ம ஊர் மளிகை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையைக் கம்பெனி ஆட்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மளிகைக்குப் பயப்பட வேண்டாம், பெருங்காயம் மட்டும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சுக்கு வருவோம்.

சீன வார்த்தைகளைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். (இங்கே நானே அதைத்தான் செய்யப்போகிறேன், விளக்க வேறு வழியில்லை.) சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையான பின்யின் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். அதிலும் ஒரு குழி இருக்கிறது. 'பஸ்'ஸுக்கு எழுதும் ஆங்கில எழுத்து பின்யினில் வந்தால், நம் 'பல்'லில் உள்ள பகரத்தைச் சொன்னாலே சரி. 'பென்'னுக்கு எழுதும் எழுத்து வந்தால் அதே பகரத்தோடு மூச்சைப் பலமாகத் தள்ள வேண்டும். தகரம், ககரத்துக்கும் இதே கதைதான். மூச்சுத் தள்ளும் பழக்கம் தமிழ் நாக்குக்குக் கிடையாது. 'தூ-த்ஸ' என்றால் வயிறு, 'த்ஹூ-த்ஸ' என்றால் முயல். இரண்டுக்கும் தொனி (குரலின் ஏற்ற இறக்கம்) ஒன்றே. முயல் பொம்மை விலை கேட்கப் போகிறவர் வயிற்றுக்கு விலை கேட்டுக்கொண்டு நிற்பார். வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூவைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். முயலுக்குக் காகிதம் பறக்க வேண்டும், வயிற்றுக்கு அசையக் கூடாது.

அடுத்தது தொனி. நான்கு உண்டு, ஐந்தாவதாகத் தொனியற்ற ஒன்றும் உண்டு. மூன்றாம் தொனியை இறக்கி ஏற்றிப் பாடச் சொல்லித்தருவார்கள். ஓட்டமான பேச்சில் குரலை அடித்தொண்டையில் தாழ்த்தி வைத்தாலே போதும். 'மாய்' என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது, மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது. உங்கள் வேலையே இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான். நாலும் ('ஸ') பத்தும் ('ஷ') இன்னும் மோசம். இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் 'ஷ'வை 'ஸ' என்றே சொல்வார்கள், அப்போது இறங்கினால் நாலு, ஏறினால் பத்து. சந்தேகம் வந்தால் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்கே வைத்துக் காட்டுங்கள், அது பத்து.

காய்கறிக் கடையில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு ஜின்னுக்கு. ஜின் 500 கிராம், கிலோ அல்ல. தள்ளுபடிப் பலகையில் 8 என்றிருந்தால் 80 சதவீதம் கழிவு என்று துள்ள வேண்டாம். 80 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும், கழிவு 20தான்.

காசு போகிற இடம் 'திங்ஜின்'. முன்பணத்துக்கு இப்படி ஒலிக்கும் சொல் இரண்டு உண்டு, தொனியும் ஒன்றே. முதல் எழுத்து மட்டும்தான் வேறு. தலையில் கூரை போட்ட எழுத்தானால் சட்டப்படி பிணைப்பணம். நீங்கள் பின்வாங்கினால் பணம் போச்சு, கடைக்காரர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதம் வரைதான் இந்தப் பிணைப்புச் செல்லும். இடப்பக்கம் பேச்சைக் குறிக்கும் சிறு கோடு உள்ள எழுத்தானால் அது வெறும் அட்வான்ஸ், இரட்டிப்பெல்லாம் கேட்க முடியாது. காதை நம்பாதீர்கள், ரசீதைப் பாருங்கள்.

1281இல் சீனத் துறைமுகமான சுவான்சௌவில் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள் நாம் என்று மார்தட்டும் நம்மாட்களில் சிலர், பத்து வருடமாகியும் கால்குலேட்டரைத் தட்டித்தான் விலை பேசுகிறார்கள். விலை அதில் தெரியும். மறுப்பு தெரியாது. இங்கே முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்வது குறைவு. 'பூ ஃபாங்பியென்' என்றால் வசதிப்படவில்லை, அதாவது முடியாது. 'த்ஸாய் ஷுவோ பா' என்றால் பிறகு பேசலாம், அதுவும் முடியாதுதான். 'மாஷாங்' என்றால் 'இதோ உடனே'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'குதிரைமேல்'. அந்தக் குதிரை எப்போது வந்து சேரும் என்று கேட்காதீர்கள்.

கடைக்காரரை 'லாவ்பான்' என்றும் டிரைவரை 'ஷஃபூ' என்றும் கூப்பிடுங்கள். பழைய புத்தகத்தில் 'செல்வி' என்று போட்டிருக்கும் 'ஷியாவ்ஜியே'யை வைத்துப் பணிப்பெண்ணைக் கூப்பிடாதீர்கள், இன்று அதற்குக் கொச்சையான பொருளும் உண்டு.

சைவமானால் "கறி வேண்டாம்" என்பது போதாது. வெறுமனே 'ரோ' (கறி) என்றால் பன்றிக்கறிதான். துண்டுகளை எடுத்துவிட்டு, தூவிய கொத்துக்கறியோடு தட்டை நீட்டுவார்கள். 'வோ ச்ஹ ஸூ', நான் சைவம், என்று தொடங்கி, ஜூயோ (பன்றிக்கொழுப்பு), ஹாவ்யோ (சிப்பிச் சாறு) இரண்டையும் பேர் சொல்லித் தடுக்க வேண்டும்.

ஆப் கேட்டீர்களே, பிளெக்கோ அகராதி போதும். கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் ஆப்பை ரசீதுக்கு மட்டும் வையுங்கள், வாய்க்குப் பழக்காதீர்கள். இதெல்லாம் வருவதற்கு முன் வந்தவர்களுக்கு ஹோட்டல் வரவேற்பறையில் தரும் முகவரி அட்டைதான் துணை. டாக்சியில் ஏறினால் அதை நீட்ட வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. சட்டையை மாற்றும்போது அட்டையைப் பழைய சட்டையிலேயே விட்டுவிட்டால், அன்றைக்கு ஊர் முழுக்க நடைதான்.