நர்சம்மாவிடம் கேளுங்கள்: இந்த முறை அப்பாக்கள் விஷயம்

கடலூர் பக்கத்துக் கிராமங்களில் 31 வருஷம் சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்ப காலத்திலும் பிள்ளை வளர்ப்பிலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: நர்சம்மா, எனக்கு ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 9.2. இதைச் சாப்பிடாதே, அங்கே போகாதே என்று எல்லாக் கட்டளையும் எனக்குத்தான். அவர் கட்டிலில் உட்கார்ந்தே சிகரெட் பிடிக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை.

கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். டாக்டர் சொன்ன அளவில் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடும்மா. டீ, காபியோடு சேர்த்துப் போடாதே, சத்து உடம்பில் ஒட்டாது. உன் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டு: தம்பி, நீ விடும் புகையை அவளும் இழுக்கிறாள். பிள்ளை எடை குறைந்து பிறக்க அதுவும் ஒரு காரணம். பழுத்த பப்பாளியைப் பார்த்தே அலறுகிற வீட்டில் சிகரெட் பாக்கெட்டைக் கண்டு யாருக்கும் பயமில்லை!

கடலூர் முதுநகரிலிருந்து: இரண்டும் பெண். மாமியார் என் வயிற்றைத்தான் திட்டுகிறார்.

பிள்ளை ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் குரோமோசோமில், பெண்ணிடம் இருப்பது எக்ஸ் மட்டும். எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். எக்ஸா ஒய்யா என்பது ஆணின் விந்தணுவில் இருக்கிறது. திட்டியே ஆகவேண்டும் என்றால் அவர் பெற்ற மகனைத் திட்டட்டும். அவன் மேலும் தப்பில்லை என்பது வேறு விஷயம்.

புதுச்சேரியிலிருந்து ஒரு தம்பி: தலைப்பிரசவம், மனைவி பண்ருட்டியில் தாய்வீட்டில் இருக்கிறாள். ஞாயிறு போனால் "உக்காருங்க மாப்பிள்ளை" என்று காபியை நீட்டுகிறார்கள். பிள்ளையைத் தூக்கினால் நாலு பேர் ஓடி வருகிறார்கள். இங்கே வந்த பிறகு, உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அவள் திட்டப்போகிறாள்.

நல்ல கேள்வி தம்பி. நம் ஊர் வழக்கம் தாய்க்கு ஓய்வு கொடுக்கத்தான் வந்தது, ஆனால் அப்பனை விருந்தாளியாக்கி விடுகிறது. மூன்று மாதம் கழித்து அவள் எல்லாம் தெரிந்தவளாக வருகிறாள், நீங்கள் புது மாப்பிள்ளையாகவே நிற்கிறீர்கள். அவளும் இதைப் பிறவியிலேயே படித்து வந்தவள் இல்லை. ராத்திரி இரண்டு மணி அழுகையில் கற்றுக்கொண்டாள்.

அதனால் ஞாயிறு மத்தியானம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் போகாதீர்கள். சனிக்கிழமையே போய்த் தங்குங்கள். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது உங்கள் வேலை, ஈரத்துணி மாற்றுவதும் உங்கள் வேலை. சட்டையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், அப்பாவின் உடம்புச் சூடும் பிள்ளைக்கு ஆகும். குளிப்பாட்டுவதை மட்டும் பாட்டியிடம் விட்டுவிடுங்கள், அதில் போட்டி போட்டால் சண்டை வரும். தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில் வரும். அந்த அட்டை உங்கள் பையில் இருக்கட்டும், அன்றைக்கு லீவு போட்டு நீங்களே தூக்கிப் போங்கள். என் வீட்டுக்காரர் "அட்டை எங்கே?" என்று கேட்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டார்!

அதே தம்பி: தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு லீவு உண்டா?

சட்டப்படி இல்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் கிடைக்கிறது. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியாரில் கம்பெனி மனசு வைத்தால்தான். எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். யாருமே கேட்காததால் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: இரண்டு பிள்ளை போதும் என்று முடிவெடுத்தோம். ஆபரேஷன் அவருக்கு என்றால், பலம் போய்விடும் என்கிறார்.

போகாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் தங்களுக்கே கருத்தடை ஆபரேஷன் செய்திருப்பதாகச் சொன்ன மணமான பெண்கள் 37.9 சதவீதம். கணவருக்குச் செய்திருப்பதாகச் சொன்னவர்கள் 0.3. பலம் பற்றிய இந்தப் புரளியும் அதற்கு ஒரு காரணம். ஆண்களுக்குக் கத்தியில்லாத முறை இருக்கிறது, தையல் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். வயிற்றைத் திறக்கும் பெண் ஆபரேஷனைவிடச் சின்னது. ஆனால் உடனே பலன் தராது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்து பரிசோதனையில் அணு இல்லை என்று வந்த பிறகுதான் கவலை விடலாம். உங்களுக்கு சிசேரியன் நடக்கப்போகிறது என்றால் அதே நேரத்தில் உங்களுக்கே செய்துகொள்வதும் சுலபம்தான், அதை மறைக்க மாட்டேன். அடுத்த முறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போய் டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள். வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்க விடாதீர்கள்.