முன்னாள் படைவீரர் அடையாள அட்டை: பெங்களூருத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அல்சூர்): எம்இஜியிலிருந்து (மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு) இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். சர்வீஸ் ஐடி கார்டுக்குப் பதிலாக யூனிட்டிலேயே வேறு கார்டு கொடுத்துவிடுவார்களா?

பதில்: கொடுக்க மாட்டார்கள் தம்பி. சர்வீஸ் கார்டை ஒப்படைத்த பிறகு உங்கள் கையில் இருப்பது டிஸ்சார்ஜ் புக்கும் (பணி விவரங்கள் அடங்கிய விடுவிப்புப் புத்தகம்) பிபிஓவும் (ஓய்வூதிய ஆணை)தான். அவற்றை வைத்து மூன்று கார்டுகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. முன்னாள் படைவீரர் அட்டையை மாநில அரசின் சைனிக் நலத் துறை தருகிறது. பெங்களூரில் அது கரியப்பா பவனில் இருக்கிறது. மருத்துவத்துக்கு இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு. அதற்கு ஒருமுறை சந்தா உண்டு, ஹவில்தார் வரை ₹30,000, ஜேசிஓவுக்கு (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) ₹67,000. மூன்றாவது, ராணுவக் கேன்டீனில் சலுகை விலையில் பொருள் வாங்கும் கேன்டீன் கார்டு.

யூனிட்டை விட்டு வருமுன் டிஸ்சார்ஜ் புக்கை வரி வரியாகப் படியுங்கள். மனைவி பெயர், திருமணத் தேதி, பிள்ளைகளின் பிறந்த தேதி, நிரந்தர முகவரி எல்லாம் சரியா என்று பாருங்கள். சர்வீஸில் இருக்கும்போது ஒரு பார்ட் டூ ஆர்டரோடு (பதிவில் மாற்றம் செய்யும் ராணுவ ஆணை) முடிகிற திருத்தம், வெளியே வந்தபின் மாதக்கணக்கில் இழுக்கும்.

கேள்வி (கம்மனஹள்ளி): சொந்த ஊர் வேலூர். முன்னாள் படைவீரர் பதிவும் அங்கேதான். வீடு இங்கே. இங்கேயும் ஒரு அட்டை வாங்கலாமா?

பதில்: இரண்டு இடத்தில் பதிவு கூடாது சார். மாற்ற வேண்டுமானால் வேலூர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஆவணங்களை இங்கே அனுப்பச் சொல்லி, பழைய அட்டையை ஒப்படைக்க வேண்டும். ஆனால் அவசரப்பட வேண்டாம். இசிஎச்எஸ், கேன்டீன் இரண்டையும் எங்கிருந்தும் பயன்படுத்தலாம். பிரதமர் கல்வி உதவித்தொகையும் (மாதம் பையனுக்கு ₹2,500, பெண்ணுக்கு ₹3,000) மத்தியத் திட்டம்தான். பதிவுள்ள அலுவலகத்தின் கையெழுத்து மட்டும் வேண்டும். மாறுவது மாநில அரசின் உதவிகள்தான். பிள்ளைகள் தமிழ்நாட்டில் படிப்பு, வேலை தேடப்போகிறார்கள் என்றால் பதிவு வேலூரிலேயே இருக்கட்டும் என்பேன்.

கேள்வி (கே.ஆர்.புரம்): டிஸ்சார்ஜ் புக்கில் ‘முருகன் எம்’, ஆதாரில் ‘எம் முருகன்’, பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. மனைவி ‘செல்வி’, அவர் ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’. எதைத் திருத்துவது?

பதில்: நம்மவர்களுக்கு அதிகம் சிக்கல் தருவது இந்த இனிஷியல்தான். அட்டையில் டிஸ்சார்ஜ் புக், பிபிஓவில் உள்ளபடிதான் பெயர் வரும். ஸ்பார்ஷில் (ராணுவ ஓய்வூதிய இணையதளம்) ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கும்போது சிக்கிக்கொள்ளலாம்.

உங்கள் பெயரைப் பொறுத்தவரை ஆதாரை டிஸ்சார்ஜ் புக்குக்கு ஏற்ப மாற்றுங்கள், அதுதான் சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கொடுங்கள். பான் அதற்குப் பிறகு.

மனைவி விஷயம் வேறு. பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ‘தமிழ்ச்செல்வி’ என்றால் ராணுவப் பதிவைத்தான் திருத்த வேண்டும். பிரமாணப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், ஆதார் நகல் சேர்த்து உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு (படைப்பிரிவின் பதிவேடு அலுவலகம்) அனுப்புங்கள். எம்இஜி என்றால் அது பெங்களூரிலேயே இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. பார்ட் டூ ஆர்டர் வந்ததும் பிபிஓ திருத்தத்தையும் கேட்டு வாங்குங்கள். பலர் ஆர்டரோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்க அலைவது அந்த அம்மாதான்.

கேள்வி (விவேக் நகர்): கணவர் தவறி இரண்டு மாதம் ஆகிறது. அவருடைய அட்டையையே நான் காட்டலாமா?

பதில்: கூடாது அம்மா. உங்கள் பெயரில் தனி அட்டை உண்டு. இறப்புச் சான்று, பிபிஓ, அவருடைய டிஸ்சார்ஜ் புக், பழைய அட்டை, உங்கள் ஆதார், புகைப்படங்களோடு சைனிக் நல அலுவலகத்துக்குப் போங்கள். அதற்கு முன் இறப்பை ஸ்பார்ஷில் தெரிவித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அவர் கணக்கில் தொடர்ந்து வரும் ஓய்வூதியத்தைப் பின்னால் பிடித்தம் செய்வார்கள். இசிஎச்எஸ், கேன்டீன் கார்டுகளையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கின் அசலை எந்த ஏஜெண்டிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கேள்வி (டொம்லூர்): அட்டை பஸ்ஸில் தொலைந்துவிட்டது.

பதில்: போலீஸில் புகார் பதிந்து, அந்த நகலோடு டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள். தள்ளிப்போட வேண்டாம். ராணுவ அட்டையின் படத்தைக் காட்டி, பழைய வண்டி விற்பதாக முன்பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. அதனால்தான் வாட்ஸ்அப்பில் அட்டையின் படத்தை அனுப்பவே வேண்டாம் என்கிறோம்.

கேள்வி (ஒயிட்ஃபீல்ட்): இந்த அட்டைக்கு டோலில் விலக்கு உண்டா?

பதில்: இல்லை. ராணுவத்தினருக்கான 1901ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் விலக்கு பணியில் இருப்பவர்களுக்குத்தான். டோல் ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை.

கேள்வி (ஜீவன் பீமா நகர்): அக்கா மகன் அக்னிவீர். நான்கு வருஷம் முடிந்ததும் அவனுக்கும் இந்த அட்டை கிடைக்குமா?

பதில்: இப்போதைய விதிப்படி கிடைக்காது. முன்னாள் படைவீரர் தகுதி, இசிஎச்எஸ், கேன்டீன் எதுவும் அக்னிவீரர்களுக்கு இல்லை. நிரந்தரப் பணிக்குத் தேர்வாகி முழுக் காலமும் முடித்தால் உண்டு. வெளியே வந்தால் அவனுக்குத் தரும் திறன் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.