அணு உலை அச்சம்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி, நாகர்கோவில்): கூடங்குளம் அணு உலைகளுக்காக சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் 1988-இல் கையெழுத்தானது. மக்கள் விழித்துக்கொண்டது 2011-இல்தானா?

பதில்: இல்லை. 1989 மே தினத்தன்று கன்னியாகுமரியில் மீனவர்கள் நடத்திய பேரணியிலேயே எதிர்ப்பு ஒலித்தது. அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சோவியத் ஒன்றியம் சிதறியதும் திட்டம் முடங்கியது, எதிர்ப்பும் அடங்கியது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்ததைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. சில மாதங்களில் கூடங்குளம் முதல் உலையில் போலி எரிபொருளை வைத்துச் சூடேற்றிச் சோதித்தார்கள். யுரேனியமே இல்லாத சோதனை அது. நீராவியின் இரைச்சலைக் கேட்ட கடலோர ஊர்களுக்கு அது எப்படித் தெரியும்? சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல மத்திய அரசு நிபுணர் குழுவை அமைத்தது அக்டோபரில். இடிந்தகரை உண்ணாவிரதப் பந்தல் செப்டம்பரிலேயே நிரம்பிவிட்டது.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், சென்னை): அறிவியல் தெரிந்தால் இந்தப் பயம் போய்விடாதா?

பதில்: ஜப்பானியர்களுக்கு அறிவியல் தெரியாதா என்ன? ஆய்வுப் பதிவேடுகளில் பொய் எழுதியதை, ஃபுகுஷிமா உலைகளை நடத்திய டோக்கியோ மின் நிறுவனம் 2002-இலேயே ஒப்புக்கொண்டது. மக்கள் எடைபோடுவது கதிர்வீச்சை அல்ல, பேசுகிறவரின் நாணயத்தை. கூடங்குளத்தின் நிர்வாகக் கணினியில் வைரஸ் புகுந்ததாக 2019 அக்டோபரில் செய்தி வந்தது. முதலில் மறுப்பு, மறுநாளே ஒப்புதல்! 2004 சுனாமியின்போது கல்பாக்கம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது என்ற நல்ல செய்தியைக்கூட இப்படிப்பட்ட மறுப்புகள் விழுங்கிவிடுகின்றன.

கேள்வி (வணிகர், மதுரை): மின்வெட்டு வந்ததும் எதிர்ப்பு கரைந்துவிட்டதே?

பதில்: உங்கள் பக்கம் கரைந்திருக்கலாம், கடற்கரையில் கரையவில்லை. மாநில அரசும் காற்றடிக்கும் திசை பார்த்தது. 2011 செப்டம்பரில் பணிகளை நிறுத்தச் சொன்னது அமைச்சரவை. சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், 2012 மார்ச் 19 அன்று, பச்சைக்கொடி காட்டியது. தற்செயல் என்று நம்புபவர்கள் நம்பலாம்.

கேள்வி (ஆசிரியர், திருச்சி): அணு உலை எதிர்ப்பில் ஜெர்மானியர்கள் உறுதியானவர்கள் அல்லவா?

பதில்: 2023 ஏப்ரலில் கடைசி உலைகளை மூடியபோது, கருத்துக்கணிப்பில் பத்தில் ஆறு பேர் அது தவறு என்றார்கள். உக்ரைன் போருக்குப் பின் எரிசக்தி விலை ஏறியிருந்தது.

கேள்வி (இல்லத்தரசி, கோவை): எங்காவது ஊர்மக்களே விரும்பி ஏற்றிருக்கிறார்களா?

பதில்: பின்லாந்தின் யூராயோக்கியில். அணுக்கழிவைப் புதைக்கும் சுரங்கத்துக்கே 2000-இல் ஊர் மன்றம் சம்மதித்தது. அங்கே ஏற்கெனவே உலைகள் இருந்தன, வரி வருமானமும் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர் மன்றம் மறுத்தால் திட்டம் அங்கே வராது என்று அந்நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. கூடங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களிடம் அப்படி ஒரு சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.