தர்பூசணி: அறுத்த பின் பழுக்குமா, எத்தனை நாள் இருக்கும்?

கேள்வி: முதல் பறிப்பில் தட்டிப் பார்த்து அறுத்த தர்பூசணிகளில் பல உள்ளே வெளிறி, இனிப்பின்றி இருந்தன. குவித்து வைத்தால் அவை பழுக்குமா? நல்ல பழங்களைக் குளிர்பதனக் கிடங்கில் 4 டிகிரி செல்சியஸில் வைத்தோம். 10 நாளில் தோலில் குழிகள் விழுந்துவிட்டன. இரண்டு வாரம் கெடாமல் வைக்க வழி என்ன?

பதில்: குவித்து வைத்தாலும் அவை இனிக்காது. வாழைக்காயும் மாங்காயும் தம்மிடமுள்ள மாவுச்சத்தைப் பறித்த பிறகும் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். தர்பூசணியிடம் அப்படி ஒரு சேமிப்பு இல்லை. அதன் இனிப்பு முழுவதும் இலைகளிலிருந்து வருவதால், காம்பை அறுத்ததுமே அந்த வரவு நின்றுவிடுகிறது. சில நாள் கழித்துச் சதையின் சிவப்பு சற்றுக் கூடலாம் என்றாலும், அதைக் கண்டு இனிப்பும் கூடியதாக எண்ண வேண்டாம்.

தட்டிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதை மட்டும் நம்பியதுதான் தவறு. காயில் கணீரென்றும் பழத்தில் மந்தமாகவும் ஒலி எழும் என்பது பொதுவாக உண்மையே. எனினும் உள்ளே வெடிப்பு விழுந்த பழம் அனுபவசாலியின் காதையும் ஏமாற்றிவிடும். பழக்காம்பு கொடியில் பிறக்கும் அதே கணுவிலுள்ள பற்றுக்கம்பி காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும் (பக்கத்துக் கணுவிலுள்ளதைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர்), தரையில் படிந்த பகுதி வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும், தோலின் பளபளப்பும் மங்கியிருக்க வேண்டும். இவை மூன்றும் ஒத்துவந்தால் துணிந்து அறுக்கலாம். ஒரே கொடியில் வெவ்வேறு நாளில் பிஞ்சு பிடிப்பதால், வயல் முழுவதையும் ஒரே நாளில் அறுக்க நினைத்தால் காயும் பழமும் கலந்தே வரும். பெண் பூ விரிந்த தேதியை அடையாளமிட்டு வைத்து, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பழத்தை வெட்டிச் சோதிப்பதே என் பரிந்துரை. சதையின் நடுப்பகுதிச் சாறு ரிஃப்ராக்டோமீட்டரில் (சாற்றின் இனிப்பை அளக்கும் கைக்கருவி) 10 பிரிக்ஸுக்கு, அதாவது சுமார் 10 சதவீதச் சர்க்கரைக்குக் குறையாமல் காட்டினால் அந்தத் தேதிக்குரியவற்றைப் பறிக்கலாம்.

விடியற்காலையில் நீரேறி விறைத்திருக்கும் பழம் எளிதில் வெடிக்கும் என்பதால், வெயில் ஏறிய பிறகு, காம்பை இழுத்துப் பிய்க்காமல் கத்தியால் சுமார் 5 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். பறித்ததும் நிழலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

கிடங்கில் விழுந்த குழிகள் நோயல்ல, குளிர்ச்சேதம். தர்பூசணியை 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் தோலில் குழி விழும், சதை நிறமும் சுவையும் கெடும், வெளியே எடுத்ததும் அழுகல் விரைவாகப் பரவும். 10 முதல் 15 டிகிரி வரையிலான வெப்பநிலையும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் இருந்தால், காயமில்லாத பழங்கள் இரண்டு முதல் மூன்று வாரம் தாங்கும். வைக்கோல் பரப்பி, படுக்கை வாட்டில், உயரமாக அடுக்காமல் வையுங்கள். வாழை, தக்காளி, முலாம்பழம் ஆகியவை வெளிவிடும் எத்திலீன் வாயு தர்பூசணியின் சதையைத் தளரச் செய்யும் என்பதால், அவற்றுடன் ஒரே அறையில் வைக்கவே கூடாது.

குழி விழுந்த பழங்களை இனி இருப்பில் வைக்க வேண்டாம். சிலவற்றை வெட்டிப் பாருங்கள். சதை உறுதியாகவும் வேறு வாடையின்றியும் இருந்தால், அந்த அடுக்கிலுள்ள மற்றவற்றை ஓரிரு நாளுக்குள் விற்றுவிடுங்கள்.